ஆர்டிஸ் தூக்கிய கை

டன்வெல் மாட்டு ஏலக்கூடத்தில் சாப்பாட்டுக் கடையின் அடுப்படிக்கும் ஏல அரங்குக்கும் நடுவே ஒரே ஒரு மரச்சுவர். சுவருக்கு இந்தப் பக்கம் ஆர்டிஸ் நின்று உருளைக்கிழங்கு மசிப்பாள். அந்தப் பக்கம் மேடையில் அவள் தம்பி மெர்ல் உட்கார்ந்து ஏலம் கூவுவான். செவ்வாய்க்கிழமைதோறும் இது நடக்கும். அக்காவும் தம்பியும் ஒரே கூரைக்குக் கீழே நாள் முழுக்க இருப்பார்கள், ஒரு வார்த்தை பேசிக்கொள்ள மாட்டார்கள்.

அடுப்புக்கு மேலே ஒரு பழைய ஸ்பீக்கர் தொங்கியது. அரங்கில் கூவுவது அத்தனையும் அதில் கேட்கும். கடையை எடுத்து நடத்த வந்த நாளிலிருந்து ஆர்டிஸ் அதை அணைத்ததே இல்லை. பரிமாறும் ரோண்டா ஒருநாள் பொறுக்க முடியாமல், "தலை வலிக்குது ஆர்டிஸக்கா, கொஞ்சம் குறைச்சு வைக்கவா?" என்று கேட்டாள். "எந்த மந்தை ஏலத்துல ஓடுதுன்னு தெரிஞ்சாத்தானே எப்ப கூட்டம் சாப்பிட வரும்னு தெரியும்" என்று ஆர்டிஸ் வாயை அடைத்துவிட்டாள். ஊருக்குத் தெரியும், காரணம் அதுவல்ல என்று. எங்கள் ஊரில் தெரிந்ததைச் சொல்லாமல் இருப்பதுதான் மரியாதை.

சண்டை ஒரு மரத்தொட்டியில் ஆரம்பித்தது. மாவு பிசைகிற தொட்டி. பாட்டன் தன் சொந்த நாடான பொஹீமியாவிலிருந்து கப்பலில் கொண்டுவந்தது. அவர்களுடைய அம்மா அதில்தான் கொலாச்சிக்கு மாவு பிசைவாள். நடுவில் குழித்து, பிளம் பழ ஜாம் வைத்துச் சுடுகிற ரொட்டி. அம்மா போய், பிறகு அப்பாவும் போனதும் பண்ணை வீட்டுச் சாமான் எல்லாம் முற்றத்தில் ஏலத்துக்கு வந்தது. எங்கள் பக்கத்து வழக்கம் அது. உனக்கு எனக்கு என்று பிள்ளைகள் அடித்துக்கொள்ளக் கூடாது, கரண்டி முதல் டிராக்டர் வரை சுத்தியலடியில் போகட்டும், வேண்டியவர் கை தூக்கி வாங்கிக்கொள்ளட்டும். வெளியிலிருந்து ஏலக்காரர் ஒருவரைக் கூப்பிட்டிருக்கலாம். மெர்ல் அப்போதுதான் புதிதாகத் தொழிலுக்கு வந்திருந்தான். சொந்த வீட்டுச் சாமானைத் தானே கூவுகிறேன் என்று நின்றான்.

தொட்டி வந்தது. டென்வர் நகரத்திலிருந்து வந்திருந்த பழம்பொருள் வியாபாரி ஒருவர் ஒரு விலை சொன்னார். ஆர்டிஸ் கை தூக்கினாள். மெர்லின் கண் கூட்டத்தை ஒரு வீச்சு வீசியது. "ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்!" சுத்தியல் விழுந்தது. தொட்டி டென்வருக்குப் போய்விட்டது.

"நான் கை தூக்கினேன்டா" என்றாள் ஆர்டிஸ்.

"பாக்கலையே அக்கா. பாத்திருந்தா எடுத்திருக்க மாட்டேனா?"

நாலாவது வரிசையில் உட்கார்ந்திருப்பவர் தொப்பி விளிம்பை ஒரு விரலால் தொட்டாலே அதை விலை என்று பிடிக்கிற கண் அவனுக்கு. முன்வரிசையில் நின்று அக்கா தூக்கிய முழுக்கை அந்தக் கண்ணுக்குத் தெரியவில்லையாம். அதற்கு மேல் ஆர்டிஸ் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் விட்டது வருஷக்கணக்காக நீண்டுவிட்டது. நடுவில் மாட்டு லாரி ஓட்டிக்கொண்டிருந்த அவள் புருஷன் எல்மர் மாரடைப்பில் போனான். பிள்ளை குட்டி கிடையாது. பிழைப்புக்கு ஏலக்கூடத்துச் சாப்பாட்டுக் கடையைக் குத்தகைக்கு எடுத்தாள். தம்பி அங்கேதான் கூவுகிறான் என்று தெரிந்தேதான் எடுத்தாள்.

எல்மரின் சாவுக்கு மெர்ல் வந்தான். தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு கல்லறை ஓரம் நின்றான். அவளும் பேசவில்லை, அவனும் பேசவில்லை. இப்படி ஒரு வீம்பை வேறெங்கும் நான் பார்த்ததில்லை. ஆனால் செவ்வாய்க்கிழமை மதியம் ரோண்டா கையில் மெர்லுக்கு ஒரு தட்டுப் போகும். ரொட்டிக்கு நடுவே மாட்டிறைச்சி, பக்கத்தில் மசித்த உருளைக்கிழங்கு, மேலே குழம்பு, தனித்தட்டில் செர்ரிப் பழம் வைத்துச் சுட்ட பை. குழம்பு மற்றவர்களுக்கு ஒரு கரண்டி என்றால் அவனுக்கு ஒன்றரை. ரோண்டா ஒருதரம் அதைக் கவனித்துச் சிரித்தபோது, "கோபம் வேற, குழம்பு வேற" என்றாள் ஆர்டிஸ்.

அந்த அக்டோபரில் கன்று விற்பனை உச்சத்தில் இருந்தது. வெளியே லாரிகள் வரிசை கட்டி நின்றன. செவ்வாய் காலையில் மெர்ல் கூவத் தொடங்கியதுமே ஆர்டிஸின் கை மசித்துக்கொண்டிருந்த கிழங்கில் நின்றுவிட்டது. குரல் சரியில்லை. சளிக் குரலும் இல்லை, கம்மலும் இல்லை. சூடான கிழங்கை வாய் கொள்ளாமல் போட்டுக்கொண்டு, துப்பவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் பேசுகிறவனுடைய குரல். அருவி மாதிரி விழ வேண்டிய எண்கள் ஒவ்வொன்றாக உருண்டு வந்தன.

"இன்னிக்குப் பெரிய உருண்டையா அதக்கியிருக்காரு போல" என்றாள் ரோண்டா.

அவள் சொன்னதில் தப்பில்லை. மெர்லின் கன்னத்தில் புகையிலை இல்லாமல் யாரும் பார்த்ததில்லை. காலையில் அதக்கினால் சாயங்காலம்தான் துப்புவான். நடுவில் ஊறுகிற எச்சிலைத் துப்ப மேடையில் ஒரு காகிதக் கப் இருக்கும். கன்னம் உப்பியிருப்பதும் அடிக்கடி துப்புவதும் அவன் மூக்கும் முழியும் மாதிரி. அன்றைக்கும் அரங்கில் இருந்த அத்தனை பேரும் அவனைப் பார்த்தார்கள். வழக்கமாகப் பார்க்கிறதைத்தான் பார்த்தார்கள்.

மதியத் தட்டு தொடாமல் திரும்பி வந்தது. குழம்பின் மேல் ஆடை படிந்திருந்தது. செர்ரி பையின் முனைகூட உடையவில்லை.

"பசிக்கலையாம். கையை ஆட்டினாரு. இந்தக் கப்பைக் கொட்டிட்டு வேற குடுன்னு நீட்டினாரு. காலைலருந்து எத்தனையாவதோ" என்று சொல்லிக்கொண்டே ரோண்டா குப்பைத் தொட்டியிடம் போனாள்.

"இரு. அதைக் காட்டு."

"சீ! இதப் போயி என்னத்தக்கா பாக்கறது?"

ஆர்டிஸ் கப்பை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள். புகையிலை எச்சில் வெல்லப்பாகு நிறத்தில் இருக்கும். இது வெள்ளைக்கரு மாதிரி நூல் நூலாக, தெளிவாக இருந்தது. ஒரு துளி பழுப்பு இல்லை. கூடவே ஒரு நாற்றம், அழுகின வாடை.

இவன் புகையிலையே போடவில்லை. அப்படியானால் கன்னத்தில் உப்பியிருப்பது என்ன? எதற்காக இத்தனை துப்புகிறான்? தன் எச்சிலைத் தானே விழுங்க முடியவில்லை, அதனால்தான் துப்புகிறான். நோயின் பெயர் ஆர்டிஸுக்குத் தெரியாது. எச்சில் இறங்காத தொண்டையில் கொஞ்ச நேரத்தில் மூச்சும் இறங்காது என்பது மட்டும் தெரிந்தது.

அரங்கு வாசலுக்கு ஓடினாள். அங்கே விற்பனைக்கு வரும் மாடுகளைச் சுற்றவிடும் வளையத்துக்குள் கன்றுகளைத் திருப்பிவிட்டுக்கொண்டு, விலை கேட்கிறவர்களைக் கவனித்துக் குரல் கொடுக்கிற டெல்வின் நின்றான். மெர்லின் வலக்கை.

"டெல்வின், ஏலத்த நிறுத்து. அவனுக்கு உடம்பு சரியில்ல."

"பல்லு வலிதான் ஆர்டிஸக்கா. ஜோலீன் ஊசி போட்டுட்டா, காய்ச்சலும் இறங்கிடுச்சு. கன்னுக்குட்டி சீசன்ல ஏலத்த நிறுத்தினா வாங்க வந்தவன் நாளைக்கு வேற ஊருக்குப் போயிடுவான். சாயங்காலம் பாத்துக்கலாம்."

ஜோலீன் மெர்லின் மனைவி. மேடையில் அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து விற்றதைப் பதிகிறவள். ஆர்டிஸ் அங்கிருந்தே தம்பியைப் பார்த்தாள். வெகுகாலத்துக்குப் பிறகு நேராகப் பார்த்தாள். முகவாயை நீட்டிக்கொண்டு, மேசை மேல் இரண்டு கையையும் ஊன்றி, முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தான். புகையிலை ஒரு கன்னத்தில்தான் உப்பும். இவனுக்குத் தாடைக்குக் கீழே இந்தக் காதிலிருந்து அந்தக் காது வரை வீங்கி, கழுத்தும் முகமும் ஒன்றாகியிருந்தது. சட்டைக் காலர் பொத்தான் திறந்து கிடந்தது.

கத்தினால் அந்தச் சத்தத்தில் கேட்காது. மேடைக்கு ஏறிப் போனால் டெல்வின் விடமாட்டான். ஏலம் ஓடும்போது ஏலக்காரன் ஒரே ஒரு விஷயத்துக்குத்தான் நிற்பான். ஆர்டிஸ் குழம்புக் கறை படிந்த ஏப்ரனோடு படியேறி, பெஞ்சு வரிசைக்கு நடுவில் நின்று, கையைத் தூக்கினாள்.

வளையத்துக்குள் ஒரு மந்தை கறுப்புக் கன்றுகள் சுற்றிக்கொண்டிருந்தன. பக்கத்திலிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"என்ன ஆர்டிஸ், இத்தனையும் எங்க கட்டி வைப்ப? அடுப்படிலயா?" என்றார் ஒரு கிழவர். பெஞ்சு முழுக்கச் சிரித்தது. டெல்வின் குரல் கொடுக்கவில்லை. அவன் தரையைப் பார்த்தான்.

அவள் கையைக் கீழே போடவில்லை. மெர்லின் கண் வரிசை வரிசையாக வந்தது. அவள் மேல் பட்டது. தாண்டிப் போனது. அந்த ஒரு கணம் ஆர்டிஸுக்கு அப்பாவின் முற்றத்தில் நிற்கிற மாதிரியே இருந்தது. இன்றைக்கும் தாண்டுகிறான், பாவி. பிறகு அந்தக் கண் திரும்பி வந்து அவள் கையில் நின்றது.

கூவுவது நின்றுவிட்டது. மெர்ல் அவளை நோக்கி விரல் நீட்டி விலையைச் சொல்ல வாயெடுத்தான். சொல் வரவில்லை. மைக்கில் ஒரு சத்தம் கேட்டது, ஈர விசில் மாதிரி. அது அவன் மூச்சு. இழுக்கும்போதெல்லாம் கேட்டது.

சிரித்தவர்கள் எல்லாம் அடங்கிப் போனார்கள்.

"மெர்ல், வாயைத் திற" என்றாள் ஆர்டிஸ்.

அவன் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"திறடா!"

முயன்றான். ஒரு விரல் நுழையும் அளவுக்குத்தான் திறந்தது. அந்த இடுக்கில் நாக்கு மேலே அண்ணத்தோடு ஒட்டிக்கொண்டு தெரிந்தது. பக்கத்திலிருந்த ஜோலீன் அப்போதுதான் எழுந்தாள், கையிலிருந்த பேனா உருண்டு வளையத்துக்குள் விழுந்தது.

எங்கள் ஊர் ஆம்புலன்ஸுக்குச் சம்பளக்காரர் கிடையாது. மாடு திருப்புகிற டெல்வின்தான் ஆம்புலன்ஸும் ஓட்டுவான். அவன் முகத்தில் ரத்தம் இல்லை. ஸ்ட்ரெச்சரில் படுக்க வைத்து வார் போட வேண்டும் என்பது அவன் படித்த பாடம். படுக்க வைத்த அடுத்த நொடி மெர்ல் கண் பிதுங்கி, டெல்வினின் சட்டையைப் பிடித்து இழுத்து எழுந்து உட்கார்ந்துவிட்டான்.

"உக்காரட்டும் விடு. அவனுக்கு எப்படி மூச்சு வருதோ அப்படியே இருக்கட்டும்" என்றாள் ஆர்டிஸ். டெல்வின் விட்டான். வழி முழுக்க, "நான் பாத்துக்கிட்டேதான இருந்தேன், ஆர்டிஸக்கா, நான் பாத்துக்கிட்டேதான இருந்தேன்" என்று அவன் புலம்பிக்கொண்டே ஓட்டினான். காற்று மணல்குன்றுகளைச் சீவிக்கொண்டு அடித்தது. மெர்ல் குனிந்து உட்கார்ந்து ஒரு துண்டில் எச்சிலை ஒழுகவிட்டபடி வந்தான்.

பெரிய ஊர் ஆஸ்பத்திரியில் காது மூக்கு தொண்டை டாக்டர் லிண்ட்கிரென் காத்திருந்தார். நரைக்கத் தொடங்கிய பெண்மணி, குரலை உயர்த்தாதவர். மெர்லின் தாடைக்குக் கீழே விரல்களை வைத்து அழுத்திப் பார்த்தார். விரல் உள்ளே போகவில்லை.

"பலகை மாதிரி இருக்கு" என்றார். "பல்லுல எதாவது தொந்தரவு இருந்துச்சா?"

"கீழ்க் கடைவாய்ப் பல்லு" என்றாள் ஜோலீன். "ரொம்ப நாளாவே. சீசன் முடியட்டும் பிடுங்கிக்கலாம்னாரு."

"மருந்து எதாவது குடுத்தீங்களா?"

ஜோலீன் ஆர்டிஸைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, "மாட்டுக்குப் போடற பென்சிலின். நான்தான் போட்டேன். ஞாயித்துக்கிழமையும் போட்டேன், நேத்தும் போட்டேன். காய்ச்சல் குறைஞ்சுது டாக்டர், அதான் நல்லாகுதுன்னு..." என்றாள்.

எங்கள் பக்கத்தில் மாட்டுக்கு உடம்பு சரியில்லை என்றால் டாக்டர் வருவார். மனுஷனுக்கு என்றால் மாட்டு மருந்து வரும். இதை நாங்கள் ஏதோ சாமர்த்தியம் என்று பீற்றிக்கொள்வோம். டாக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் ஜோலீனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"காய்ச்சல் இறங்கினதாலதான் ஏமாந்துட்டீங்க" என்றார். "பல்லுல இருந்த சீழ் விஷம் நாக்குக்குக் கீழ இறங்கி, ரெண்டு பக்கமும் பரவி, கழுத்தோட ஆழத்துக்குப் போயிருக்கு. வீக்கம் நாக்கைத் தூக்கிப் பின்னால தள்ளுது. அதான் பேச்சு அப்படி, எச்சில் இறங்கல. ஊசி மேலோட்டமா அணைச்சிருக்கு, உள்ள கனன்னுக்கிட்டேதான் இருந்திருக்கு."

நரம்பில் மருந்து ஏறத் தொடங்கியது. ஸ்கேன் எடுக்க வேண்டும், ஆனால் அதற்கு மல்லாந்து படுக்க வேண்டும், அவனால் முடியாது. முதலில் மூச்சுக்கு வழி, மற்றது எல்லாம் பிறகு என்றார் டாக்டர். மூக்கு வழியாக மெல்லிய குழாய் ஒன்றை விட்டுப் பார்த்தார். பார்க்கப் பார்க்க அவர் முகம் இறுகியது.

"வாய் திறக்கல. மூக்கு வழியா மூச்சுக்கு ஒரு குழாய் வைக்கலாம்னு பார்த்தா, உள்ள இடமே இல்ல. கழுத்துல கீழ ஒரு துளை போட்டுக் குழாய் வைக்கணும். மயக்கம் குடுக்க முடியாது. தூங்கினா தசை தளர்ந்து இருக்கற கொஞ்ச வழியும் மூடிக்கும். உட்கார்ந்தபடியே, மரத்துப்போக ஊசி போட்டு, முழிச்சிருக்கும்போதே செய்யணும்."

மெர்ல் தன் தொண்டையைக் கையால் பொத்திக்கொண்டான். தலையை ஆட்டினான். வேண்டாம்.

"குரல்நாண் அதுக்கு மேல இருக்கு. நான் அதைத் தொட மாட்டேன்" என்றார் டாக்டர். அவன் கண்ணாலேயே கேட்டான். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு உண்மையைச் சொன்னார். "ஆனா குரல் பழையபடியே வரும்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன்."

மறுபடி தலையை ஆட்டினான். நரம்பில் ஏறுகிற மருந்தைச் சுட்டிக்காட்டினான். இது போதும், இது வேலை செய்யட்டும்.

"அது வேலை செய்ய நேரம் ஆகும். உங்களுக்கு அவ்வளவு நேரம் இல்ல. இப்ப செஞ்சா நிதானமா செய்வேன். அடைச்ச பிறகு செஞ்சா, செய்யறதுக்குள்ள போயிடுவீங்க."

அவன் அசையவில்லை. நெஞ்சுக்கூடு ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே குழிந்தது. ஜோலீன் அழுதுகொண்டே, "அவரு வேணாங்கறாரே அண்ணி. அவருக்கு அந்தக் குரல விட்டா வேற என்ன இருக்கு? நான் எப்படி..." என்றாள்.

ஆர்டிஸ் கட்டில் பக்கம் போனாள். இன்னும் ஏப்ரன் கட்டியிருந்தாள்.

"மெர்ல். இங்க பாரு."

பார்த்தான்.

"என் அடுப்பு மேல ஒரு ஸ்பீக்கர் தொங்குது, தெரியுமா உனக்கு? அதை நான் ஒரு நாளும் அணைச்சதில்ல. உங்கூடப் பேசாம இருந்தேன், உன்னக் கேக்காம இருந்ததில்லடா. எல்மர் போன பிறகு வாரத்துல ஒரு நாளாவது எனக்குச் சொந்தக்காரக் குரல் ஒண்ணு கேட்டுச்சுன்னா அது உன்னுதுதான். அது போனா எனக்கும்தான் நஷ்டம். போகட்டும். நீ உசிரோட இருந்தாத்தான நான் உம்மேல கோவிச்சுக்க முடியும்? செத்துப்போனவன்மேல எப்படிடா கோவிச்சுக்கறது?"

அவன் கண்ணிலிருந்து நீர் இறங்கி, ஒழுகிய எச்சிலோடு கலந்தது. ஆனாலும் கை தொண்டையை விடவில்லை. ஆர்டிஸுக்குக் கோபம் பொங்கியது. இந்த வீம்பு எந்த வீட்டு வீம்பு என்று அவளுக்குத் தெரியாதா.

"நான் கூவறேன். உனக்குப் புரியற பாஷை அதுதான" என்றாள். "ஒரு தரம்."

டாக்டர் ஒன்றும் புரியாமல் ஜோலீனைப் பார்த்தார்.

"ரெண்டு தரம்."

ஈர விசில் ஒருமுறை இழுத்தது, பாதியில் நின்றது, மறுபடி இழுத்தது. ஆர்டிஸின் உதடு மூன்றாவதுக்குத் திறந்தபோது மெர்லின் கை தொண்டையை விட்டு இறங்கியது. பிறகு மெல்ல மேலே எழுந்தது.

"எடுத்துக்கிட்டான். செய்யுங்க டாக்டர்" என்றாள் ஆர்டிஸ். சொல்லிவிட்டு வராந்தாவுக்குப் போய்ச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள்.

துளை போட்டுக் குழாய் உள்ளே போனதும் மெர்ல் இழுத்த முதல் மூச்சு கதவுக்கு வெளியே கேட்டது என்று ஜோலீன் இன்றைக்கும் சொல்வாள். அதற்குப் பிறகுதான் தூங்க வைத்தார்கள். தாடைக்குக் கீழே இரண்டு பக்கமும் கீறி, உள்ளே அடைபட்டுக் கிடந்ததை வெளியே விட்டார்கள். கெட்டியான சீழ் அதிகம் இல்லை, நாறுகிற அழுக்குத் தண்ணீர்தான். அது தொடர்ந்து வடியட்டும் என்று ரப்பர் குழாய்களை வைத்தார்கள். எல்லாவற்றுக்கும் காரணமான அந்தக் கடைவாய்ப் பல்லையும் பிடுங்கினார்கள். பிறகு ஸ்கேன் எடுத்து, விஷம் நெஞ்சுக்குள் இறங்கவில்லை என்று பார்த்துக்கொண்டார்கள்.

அதோடு முடிந்துவிடவில்லை. காய்ச்சல் திரும்பி வந்தது. கழுத்தின் ஒரு பக்கம் மறுபடி வீங்க, இன்னொருமுறை திறக்க வேண்டி வந்தது. அந்த நாட்களில் மெர்ல் கண்ணைத் திறந்தாலும் யாரையும் அடையாளம் தெரியாத மாதிரி பார்த்தான். சாமியிடம் எதையும் கேட்டுப் பழக்கமில்லாத ஆர்டிஸ், ஆஸ்பத்திரியின் சின்னப் பிரார்த்தனை அறையில் போய் வெறுமனே உட்கார்ந்துவிட்டு வருவாள். டன்வெல்லில் ரோண்டா கடையைப் பார்த்துக்கொண்டாள். அடுத்த செவ்வாய் வேறொரு ஏலக்காரர் வந்து கூவினார். அன்றைக்கு ஸ்பீக்கரை அணைத்துவிட்டதாக ரோண்டா போனில் சொன்னாள். ஆர்டிஸ் சரி என்றாள்.

மெல்ல மெல்லக் காய்ச்சல் விட்டது. கழுத்தில் குழாய் இருக்கும் வரை பேச முடியாது. சளி சேர்ந்து குழாயை அடைத்தால் மூச்சு முட்டும். உடனே ஒரு மெல்லிய உறிஞ்சுகுழாயை உள்ளே விட்டு எடுக்க வேண்டும். வீட்டுக்குப் போனாலும் கொஞ்ச நாள் தேவைப்படும் என்று நர்ஸ் அதை ஜோலீனுக்கும் ஆர்டிஸுக்கும் சொல்லிக்கொடுத்தாள். ஜோலீனுக்கு அது வசப்படவில்லை. ஆர்டிஸ் கற்றுக்கொண்டாள். மூச்சு அடைக்கிறது என்றால் மெர்ல் கையைத் தூக்குவான். அவள் கம்பளி பின்னிக்கொண்டிருந்தாலும், ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாலும், அந்தக் கை தோளுக்கு மேலே வருவதற்குள் எழுந்திருப்பாள்.

பார்க்க வந்த டெல்வின் அதைக் கவனித்துவிட்டான். "என் வேலை போச்சு மெர்ல். என்னைவிட வேகமாக் கை பாக்கறாங்க உங்க அக்கா" என்றான். மெர்ல் சிரிக்கப் பார்த்தான், குழாயில் காற்றுதான் புஸ்ஸென்று வந்தது.

ஒருநாள் காலையில் டாக்டர் லிண்ட்கிரென் வந்து குழாயின் வாயில் சின்ன மூடி ஒன்றைப் பொருத்தினார். மூச்சு உள்ளே போக விடும், வெளியே வரும் காற்றை மேலே குரல்நாணுக்கு அனுப்பும். "அவசரப்படாதீங்க. என்ன வருதோ வரட்டும்" என்று சொல்லிவிட்டு அடுத்த நோயாளியைப் பார்க்கப் போனார். ஜோலீன் கீழே காப்பி வாங்கப் போயிருந்தாள். அறையில் அக்காவும் தம்பியும்தான்.

முதல் வார்த்தை என்னவாக இருக்கும் என்று ஆர்டிஸ் யோசித்திருந்தாள். கன்று விலை என்ன ஆச்சு என்பான். இல்லாவிட்டால் புகையிலை கேட்பான், கேட்டால் ஓங்கி ஒன்று வைக்கலாம் என்றும் நினைத்திருந்தாள்.

மெர்ல் தொண்டையைச் செருமினான். வந்த குரல் அவனுடையதாக இல்லை. தகரத்தில் மணல் உரசுகிற மாதிரி இருந்தது. இதை வைத்துக்கொண்டு இனி ஒரு மந்தையையும் விற்க முடியாது என்று அவளுக்கு அப்போதே தெரிந்துவிட்டது. அவனுக்கும் தெரிந்திருக்கும். அந்தக் குரலில் அவன் சொன்னான்.

"அன்னிக்கு... உன் கையப் பாத்தேன் அக்கா."

அவள் பின்னிக்கொண்டிருந்ததை மடியில் வைத்தாள்.

"புதுசு நான். அக்காவுக்கு அடிமாட்டு விலைக்கு அடிச்சுக் குடுத்துட்டான்னு... ஊரு பேசும்னு... பயந்துட்டேன். பாக்காத மாதிரி சுத்தியல அடிச்சுட்டேன்."

ஆர்டிஸ் தன் கைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அது அவளுக்குத் தெரியாத செய்தி இல்லை. ஆனாலும் தெரிந்திருந்தது வேறு, அவன் வாயால் கேட்டது வேறு. ஒருவேளை நிஜமாகவே பார்க்கவில்லையோ என்று ஒரு ஓரத்தில் அவள் வைத்திருந்த நினைப்பு ஒன்று இருந்தது, அது இப்போது போய்விட்டது. இந்த ஒரு வரிக்காக எல்மரின் கல்லறையில்கூட இவனோடு பேசாமல் நின்றாளே, அன்றைக்கு இதைச் சொல்லியிருக்கக் கூடாதா?

மெர்ல் இன்னும் ஏதோ சொல்ல முயன்றான். இருமல் வந்தது. குழாயில் சளி களகளவென்றது, முகம் சிவந்தது. அவன் கையைத் தூக்கினான்.

ஆர்டிஸ் அந்தக் கையைப் பார்த்தாள். அத்தனை நாளில் முதல்முறையாக அவள் உடனே எழவில்லை. ஒரு மூச்சு நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவனும் கையைக் கீழே போடாமல் அவளையே பார்த்தான். அவள் என்ன பார்க்கிறாள் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது.

"பாத்துட்டேன்டா" என்று சொல்லிக்கொண்டே எழுந்து, மூடியைக் கழற்றி, உறிஞ்சுகுழாயைக் கையில் எடுத்தாள்.